மன்னார் மணலும் தட்டைச் செருப்பும்

மலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரை வேண்டியபொழுது, இலக்கியம் பற்றி ஏதேனும் வரும் என்றே எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியர் ஒருவர் செருப்பைப் பற்றி எழுதப் புகுவதைக் கண்டு நகைப்போரும் உளராகலாம். எனினும், கடந்த ஆறு ஆண்டுகளாக மன்னார்த் தீவில், பாடசாலை விட்ட பின்னரும் விடுமுறை நாள்களிலும், யாம் கையிற்கொண்ட தொழில் இதுவாகவே இருந்துவருகின்றது. இதுவரை நாற்பதுக்கு மேற்பட்ட சோடிகளைச் செய்து முடித்துள்ளோம். கோப்பாய் ஆசிரியர் கலாசாலையிற் பயிற்சி பெற்ற காலத்தில் எமக்குக் கற்பிக்கப்படாத வித்தை இது. ஆயினும், மாணவரை அறிந்துகொள்வதற்கு இது உதவிய அளவு அங்கே கற்ற பலவும் உதவவில்லை என்று சொன்னால், எம் விரிவுரையாளர்கள் பொறுத்தருள்வார்களாக.

யாம் செய்வது தட்டைச் செருப்பு. குதிப்பக்கம் உயராமல் முன்னும் பின்னும் ஒரே தடிப்பாக அமைந்த அடி. கையால் வளைத்தால் வளையும் மென்மை. விரல்கள் ஐந்தும் விரிந்து கிடத்தற்கு வேண்டிய அகலம். உள்ளங்கால் வளைவைத் தாங்குதற்கென்று மேடோ மெத்தையோ வையாமை. இவையே அதன் இலக்கணம். மேலைநாடுகளில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இவ்விலக்கணத்துக்கு அமைந்த காலணிகள் ‘வெறுங்கால் சப்பாத்து’ என்னும் பெயரால் பெருவிலைக்கு விற்கப்படுகின்றன. வெறுங்கால் என்றபின் சப்பாத்து எங்ஙனம் வரும் என்று எம் மாணவர் வினவினர். முரண்தொடைக்கு எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கூறி அவர்களை அமைதிப்படுத்தினோம். மன்னார் பஸ் நிலையத்தின் அருகே சாக்கு விரித்து அமர்ந்து செருப்புத் தைத்த முதியவர் ஒருவர், இதே பொருளைப் பழைய ரயரில் வெட்டிச் சில நூறு ரூபாவுக்குக் கொடுத்து வந்தார். அவரிடமே யாம் இதனைக் கற்றோம்.

சப்பாத்து என்னுஞ் சொல் போர்த்துக்கேயருடைய மொழியிலிருந்து நம்மிடம் வந்தது. 1560ஆம் ஆண்டில் அவர்கள் மன்னாரைக் கைப்பற்றினர். அவர்கள் கட்டிய கோட்டை இன்றும் தீவின் வாயிலில் நிற்கின்றது; அவர்கள் சொல்லோ நம் வாயில் நிற்கின்றது. அதற்கு முன் நாம் காலணியறியா மக்களாய் இருந்தோமல்லோம். தோலாற் செய்த காலணியைச் சங்கச் சான்றோர் தொடுதோல் என்றனர். மரத்தாற் செய்தது மிதியடி எனவும் பாதக்குறடு எனவும் வழங்கப்பட்டது. சேக்கிழார் காட்டும் கண்ணப்பர், செருப்பணிந்த காலையே இறைவன் கண்ணருகே ஊன்றி அடையாளம் வைத்தார். அக்காட்சியின் பக்திப் பெருக்கைப் பலரும் எடுத்துரைப்பர். யாம் நோக்குவது வேறொன்று: காட்டு வழியே ஓடித் திரியும் வேடனுக்குச் செருப்பு அணியன்று, ஆயுதம் போல்வது. அதனைக் கழற்ற அவருக்கு நினைவு வராமையே இயல்பு.

மன்னாரும் முள்ளுக்குப் பெயர்போன நிலமே. தலைமன்னார் வழியே செல்வோர் குடை விரித்தாற்போல நிற்கும் உடைமரங்களைக் கண்டிருப்பர். நிழலுக்கு அவற்றின் கீழ் ஒதுங்குவோர் தரையை நோக்கி அடிவைத்தல் வேண்டும். உதிர்ந்து மணலிற் கிடக்கும் அதன் நீண்ட வெண்முள், பாட்டா என்று நாம் பொதுப்பெயரிட்டு அழைக்கும் மென்றப்பர்ச் செருப்பை ஊடுருவி உள்ளங்காலை எட்டிவிடும். முள்ளில்லாத இடத்தில் நெருஞ்சி. நெருஞ்சியில்லாத கரையில் உடைந்த சங்கும் மட்டியும். சித்திரை நண்பகலில் மணல் வறுக்குஞ் சட்டியாகிவிடும். ஆதலின் இங்கே காலுக்கு மறைப்பு வேண்டும். ஆனால் சப்பாத்தோ இம்மணலை வாரி உள்ளே வைத்துக்கொள்கின்றது. உயர்ந்த குதியோ மணலிற் புதைகின்றது. தட்டைச் செருப்பில் ஒருபுறம் புகுந்த மணல் மறுபுறம் வழிந்துவிடும். தீவின் தெருக்களில் உரிமையோடு உலாவும் கழுதைகளுக்கு மாத்திரம் இவ்விடர் எதுவும் இல்லை.

தட்டையாய் இருத்தலால் வரும் நன்மை யாது? ஒரு பாதத்தில் 26 என்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. இத்துணை மூட்டுகளை இயற்கை வைத்தது அவை அசைவதற்கே. விறைத்த அடியுடைய சப்பாத்துள் அவை அசைவதில்லை. குதியை உயர்த்தினால் உடலின் பாரம் முன்பாதத்திற் சாய்கின்றது. முனை குறுகிய சப்பாத்துப் பெருவிரலை மற்றை விரல்களின்மேல் நெருக்குகின்றது. கைக்குழந்தையின் பாதத்தை உற்றுநோக்கினால், அதன் அகன்ற இடம் விரல்நுனிகளே என்பது புலனாகும். கடையில் விற்கும் சப்பாத்தின் மிகக் குறுகிய இடமும் அதுவே. இவ்வொன்றை அறிதற்குப் பெருங்கல்வி வேண்டுவதில்லை.

ஆராய்ச்சியுண்டா எனக் கேட்போருக்கு ஒன்று கூறுவோம். கர்நாடகத்து மணிப்பால் கஸ்தூரிபா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவ், ஜோசப் என்னும் இரு மருத்துவர்கள் 2300 பிள்ளைகளின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து 1992ஆம் ஆண்டில் முடிபை வெளியிட்டனர். காலணி அணிந்து வளர்ந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம், அதாவது உள்வளைவு இல்லாத பாதம், இருந்தது. அணியாது வளர்ந்தோரில் நூற்றுக்கு 2.8 பேருக்கே இருந்தது. முன்புறம் மூடிய சப்பாத்து அணிந்தோரிடம் அது மிகுதி; செருப்பு அணிந்தோரிடம் அதனினும் குறைவு. செருப்பின் அடி தட்டையாயின் பாதமும் தட்டையாகிவிடும் என்று அஞ்சும் பெற்றோர் இதனைக் கேட்டு வியக்கின்றனர். 2010ஆம் ஆண்டில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்து லீபர்மன் குழுவினர், வெறுங்காலுடன் ஓடிப் பழகியோர் பெரும்பாலும் குதியை மோதாமல் முன்பாதத்தை ஊன்றி மெல்ல இறங்குவதைக் கண்டு எழுதினர்.

விளையாட்டுலகச் சான்றுகளும் உள. எத்தியோப்பிய வீரர் அபேபே பிக்கிலா 1960ஆம் ஆண்டு உரோமாபுரி ஒலிம்பிக்கில் மரதன் ஓட்டத்தை வெறுங்காலுடன் ஓடி வென்றார். மெக்சிக்கோ மலைகளில் வாழும் தாரகுமாரா மக்கள் ரயரிற் செய்த தட்டைச் செருப்பை வாரினாற் கட்டிக்கொண்டு ஓடுபவர்கள். அவருள் விக்ரோரியானோ சுரோ என்னும் 55 வயதினர், 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லெட்வில் நகரில் நடந்த 100 மைல் ஓட்டத்தில் முதல்வராக வந்தார். அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்துக் குகையொன்றில் 1938ஆம் ஆண்டில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, மரப்பட்டையாற் பின்னிய செருப்புகள் 9000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை; அவற்றின் அடியும் தட்டையே.

இவற்றைக் கூறும்பொழுது மறுபக்கத்தையும் கூறுதல் கடன். பிக்கிலா 1964ஆம் ஆண்டில் தோக்கியோவிற் சப்பாத்து அணிந்து ஓடி, முன்னினும் விரைவாக வென்றார். விரல் ஐந்துக்கும் தனித்தனி உறை வைத்த காலணியை விற்ற வைப்ரம் நிறுவனம், அதன் நலன்களைச் சான்றின்றி மிகைப்படுத்தியது என்று தொடுக்கப்பட்ட வழக்கை, தவறேதும் ஒப்பாமலே, 37.5 இலட்சம் டொலர் கொடுக்க இணங்கி 2014ஆம் ஆண்டில் முடித்துக்கொண்டது. ஆதலின் இச்செருப்பு முழங்கால் நோவை நீக்கும், முதுகை நிமிர்த்தும் என்றெல்லாம் யாம் யாருக்கும் உறுதி கூறுவதில்லை. விரலை நெருக்காது, மணலைத் தேக்காது, முள்ளைத் தடுக்கும், கைப்பணத்தைக் கரைக்காது. இவ்வளவே எம் உறுதிமொழி.

எம் வயதினர் ரயர்ச் செருப்பை நன்கறிவர். 1990ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில், யாம் நம் கல்லூரியின் கீழ்வகுப்புகளில் இருந்தபொழுது, புதுச் செருப்பு வாங்குதல் எளிதன்று. சைக்கிள் ரியூபும் மோட்டார் ரயரும் அன்று நம் வீடுகளில் எத்தனை பிறவி எடுத்தன! வாளித் துலாவுக்கு வார், கதவுக்குப் பிணைச்சல், காலுக்குச் செருப்பு. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமம் முழுதும் எழுந்து நடந்தது. மழை பெய்தது. நாவற்குழிப் பாலத்தை அணுகுவதற்குள் எம் தந்தையாரின் செருப்பு வார் அறுந்து சேற்றிற் போயிற்று. குனிந்து எடுப்பதற்கு இடமில்லாத நெருக்கம். அவர் எஞ்சிய வழியை வெறுங்காலுடன் நடந்தார். பதினைந்து வயதுச் சிறுவராகிய எம் காலிலோ ரயர்ச் செருப்பு உறுதியாய்க் கிடந்தது. அதனைக் கழற்றி அவரிடம் நீட்டியபொழுது, “உன்ரை கால் சின்னக் கால், எனக்கு அது கொள்ளாது” என்று கூறிவிட்டார். சாவகச்சேரியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் அவர் பாதத்தைக் கழுவிய தண்ணீரின் நிறத்தை அன்னையார் பல ஆண்டு சொல்லிக்கொண்டிருந்தார். செருப்புக்கு வார் என்பது எத்துணை முதன்மையானது என்பதை யாம் அன்று கண்டோம்.

மன்னாருக்கு மாற்றம் பெற்று வந்த பின்னர், பஸ் நிலையத்து முதியவரிடம் வார் தைக்கக் கொடுத்தபொழுது அவர் வெட்டிக்கொண்டிருந்த ரயர் அடி எம் கண்ணிற் பட்டது. அருகில் அமர்ந்தோம். அமர்வு நாடோறும் நிகழலாயிற்று. ஒருநாள் மணிப்பால் ஆராய்ச்சியை அவருக்கு உற்சாகத்துடன் எடுத்துரைத்தோம். வெட்டிக்கொண்டிருந்த கத்தியை வைத்துவிட்டு அவர் கேட்டார்: “வெறுங்கால் நல்லதெண்டு ஆர் மாஸ்ரர் சொன்னது? செருப்பு வைச்சிருக்கிறவையோ?”

அவருடைய தந்தையாரும் செருப்புத் தைத்தவர். ஊரில் எல்லார்க்கும் தைத்துக் கொடுத்த அவர், சில வீதிகளை அடைந்ததும் தம் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடப்பாராம். இன்னார் இன்னாருக்கு எதிரே செருப்பு அணியலாகாது, தோளிற் சால்வை இடலாகாது என்ற கட்டுப்பாடு நம் நாட்டில் இருந்தமையை நாம் மறைத்தற்கில்லை. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டில் வந்தது. சட்டம் வந்த பின்னரும் தந்தையாரின் கை தானாகவே செருப்பை நோக்கிச் சென்றதை முதியவர் சிறுவராயிருந்து கண்டிருக்கிறார். “அப்பு தைச்ச செருப்பை அப்புவே போட்டு நடக்கேல்லை. நீங்கள் வெறுங்கால் கதை சொல்லுறியள்” என்றார். அதன்பின் நெடுநேரம் இருவரும் பேசவில்லை. இக்கட்டுரையில் யாம் வெறுங்காலைப் புகழாது தட்டைச் செருப்பையே புகழ்வதற்குக் காரணம் அந்தக் கேள்வி. வெறுங்காலால் நடப்போருக்குக் கொழுக்கிப்புழு மண்ணிலிருந்து உள்ளங்காற் றோலினூடே உடலிற் புகும் என்பதும் உடன் நினைக்கத்தக்கது.

இனி, செய்யுமாறு. முதலாவது ரயரைத் தெரிதல். இக்காலத்துக் கார் ரயர்களில், தரையைத் தொடும் பகுதியினுள்ளே உருக்குக் கம்பி வலை உண்டு. அதனை வெட்டினால் கம்பி நுனிகள் வெளிப்பட்டுக் காலைக் கிழிக்கும். பக்கச்சுவரில் பெரும்பாலும் நூல் வலையே இருக்கும். அது மெல்லியது, வளைவது, பட்டணத்துத் தெருவுக்கு மிக ஏற்றது. முள் நிலத்துக்கு வேண்டுமாயின், நைலோன் நூலாற் கட்டிய பழைய ரயரைத் தேடித் தரைப்பகுதியை எடுத்தல் வேண்டும். அதுவும் தேய்ந்த ரயராய் இருத்தல் நன்று. எட்டு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்பு வளையாது. கம்பி உண்டோ இல்லையோ என அறிவதற்கு முதியவர் ஒரு காந்தத் துண்டை நூலிற் கட்டி வைத்திருந்தார். பழைய ஒலிபெருக்கியிற் கழற்றியது. காந்தம் ஒட்டிய ரயரை அவர் தொடுவதில்லை. சக்கரத்தைப் பற்றும் உள்விளிம்பில் எல்லா ரயரிலும் கம்பி இருக்குமாதலால் அவ்விளிம்பை முதலிலேயே அரிந்து நீக்குவார். எஞ்சியதைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, கற்பாரம் ஏற்றி, ஒரு வாரம் வெயிலில் இட்டால் ரயரின் வளைவு ஓரளவு தணியும், நாற்றமும் போகும்.

அடுத்தது அளவு. அதுவே இத்தொழிலின் உயிர். அளவை மாலையில் எடுத்தல் வேண்டும். பகல் முழுதும் நடந்த கால் சற்றே பருத்திருக்கும். இருந்தபடி எடுத்த அளவு பயன்படாது. தடித்த கடதாசியின்மேல் இரு காலிலும் பாரத்தைச் சமமாக ஊன்றி நிற்கச் செய்து, பென்சிலை நேர்குத்தாய்ப் பிடித்து வரைதல் வேண்டும். பென்சில் உட்சாய்ந்தால் செருப்புச் சிறுத்துவிடும். வலமும் இடமும் தனித்தனி வரைக. இரண்டும் ஒத்த பாதமுடையோரை யாம் அரிதாகவே கண்டுள்ளோம். முதற் காலை வரைந்தபொழுது யாம் கோட்டையே நோக்கி இருந்தோம். “காலைப் பாருங்கோ மாஸ்ரர், கடதாசி எங்கையும் போகாது” என்றார் முதியவர். பெருவிரல் எப்பக்கம் சாய்கின்றது, எவ்விடத்திற் காய்ப்பு உண்டு, நிற்பவர் எந்தக் காலைக் காக்கின்றார் என்பனவெல்லாம் கடதாசியில் விழா. வரைந்தபின் கோட்டுக்கு வெளியே ஐந்து மில்லிமீற்றர் விட்டு மற்றொரு கோடு இடுக. பெருவிரற் பக்கம் அக்கோடு நேராகவே செல்லல் வேண்டும். அழகு கருதி உள்ளே வளைத்தல் ஆகாது.

றப்பரை உலரக் கத்தியால் வெட்டினால் கத்தி பற்றிக்கொண்டு நகராது. சவர்க்கார நீரை இடையிடையே தடவினால் வெண்ணெயில் ஓடுவது போல் ஓடும். ஒரே மூச்சில் வெட்ட முயலாது, இரண்டு மூன்று முறை ஒரே கோட்டில் இழுத்தல் நன்று. ஓரங்களைக் கருங்கல்லில் உரைத்து மழுக்குக. கறுத்த றப்பர் வெயிலிற் சுடும், வியர்வையிற் காலைக் கறுப்பாக்கும். ஆதலின் மேலே மெல்லிய தோலையோ தடித்த கன்வஸ் சீலையையோ ஒட்டுதல் வழக்கம். தோலாயின் மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவினால் வெடிக்காது.

வாருக்கு லொறி ரியூப் உகந்தது. இரண்டு சென்ரிமீற்றர் அகலமாக அரிந்துகொள்க. அடியின் ஓரத்திலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உள்ளே, உளியால் ஒன்றரைச் சென்ரிமீற்றர் நீளத்துக்குப் பிளவு இடுக. பிளவு வாரினும் சிறியதாய் இருத்தலே இதன் நுட்பம். வாரின் நுனியைக் கூராக்கி, சவர்க்கார நீரில் நனைத்து, கீழே நுழைத்துக் குறட்டினாற் பற்றி இழுத்தால் அது நெருக்கிக்கொண்டு வரும். நீர் உலர்ந்தபின் றப்பர் றப்பரைப் பற்றி அசையாது. ஆணியில்லை, பசையில்லை. வியற்நாமியப் போர்க்காலத்திற் புகழ்பெற்ற ரயர்ச் செருப்புகளும் இம்முறையிலேயே செய்யப்பட்டன. கம்பியரத்தைப் போன்ற கருவி பலவற்றை வாங்க வேண்டுவதில்லை. கத்தி, உளி, குறடு, இவை போதும். குறடு என்பது இடுக்கும் கருவிக்கும் மரச்செருப்புக்கும் ஒருங்கே பெயரானமை எமக்கு நெடுநாள் வியப்பைத் தந்தது. குறட்டினாற் செருப்புச் செய்யத் தொடங்கிய பின்னர் அவ்வியப்பு இனிமையாயிற்று.

வார் எங்கெங்கே வரவேண்டும்? விரலிடையில் ஒரு குமிழும் இரு கிளையுமாக உள்ள செருப்பைப் பலர் விரும்புவர். அதிற் பின்வார் இன்மையால் விரல்கள் ஒவ்வோர் அடியிலும் அடியைப் பிடித்து இழுக்கின்றன. முன்பாதத்தின்மேல் இரண்டு வார் குறுக்கே பின்னிச் செல்ல, கணுக்காலுக்குக் கீழே ஒரு வார் குதியைச் சுற்றி வரல் வேண்டும். அப்பொழுது விரல்களுக்குப் பிடிக்கும் வேலை இல்லை. வாருக்கும் தோலுக்கும் இடையே சுண்டுவிரல் நுழையும் தளர்ச்சி போதும். அணிவித்தபின் ஈர மணலில் இருபது அடி நடக்கச் செய்து சுவட்டைப் பார்க்கிறோம். விரல்கள் அடிக்கு வெளியே வந்து மணலைத் தொட்டிருந்தால் மீண்டும் வெட்டுதலே வழி. மெத்தைச் சப்பாத்திற் பழகியோர் முதல் வாரத்தில் நாளுக்கு அரைமணி நேரத்துக்கு மேல் அணியலாகாது. கெண்டைக்கால் நோகும், அவசரப்பட்டு ஓடத் தொடங்குவோருக்குப் பாத என்பில் நுண்வெடிப்பும் வரக்கூடும்.

எம் மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்லல் வேண்டும். எட்டாம் வகுப்பு. உடைமரங்கள் நிறைந்த கரைப்பக்கத்திலிருந்து நடந்து வருபவன். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் சப்பாத்தின் விலை பெற்றோர் கைக்கு எட்டாது போயிற்று. அவனுக்கு இரண்டாண்டுக்குப் போதுமாறு பெரிய சப்பாத்தொன்று வாங்கப்பட்டது. முன்னே கடதாசி அடைத்து அணிந்தான். குதி புண்ணாயிற்று. அதன்பின் அவன் சப்பாத்தைக் கையிற் கொண்டு வெறுங்காலுடன் வந்து, படலையருகிற் கால் தட்டி அணிந்து உள்ளே புகுந்தான். முள் தைத்த நாள்களில் வரவில்லை. வரவுப் பதிவேட்டில் அந்நாள்கள் காய்ச்சல் என்றே பதியப்பட்டன. ஒரு மாலை அவனை நிறுத்திக் கடதாசியின்மேல் ஏற்றினோம். “சேர், அடிக்கப் போறியளோ?” என்று கேட்டான். காலைக் கழுவி வந்து கூச்சத்தோடு நின்றான். வலப்பாதத்தில் மூன்று இடங்களில் முள் உள்ளே இருந்து ஆறிய கறுப்பு.

செருப்பு முடிந்தது. அதனை அணிந்து வந்து படலையருகே சப்பாத்துக்கு மாறுவது அவன் வழக்கமாயிற்று. சில வாரங்களில் மாறுவதையும் விட்டுவிட்டான். ஒழுங்கு விதியில் செருப்புக்கு இடமில்லை. அதிபர் எழுத்தில் அனுமதி தரவில்லை. ஏன் என்று கேட்கவுமில்லை. அத்தவணையில் அவன் ஒருநாளும் தவறவில்லை. பின்னர் அவன் தங்கையும், அயல்வீட்டுப் பிள்ளைகள் நால்வரும் வந்தனர்.

இச்செருப்பு எல்லார்க்கும் ஆமோ எனின், ஆகாது. நீரிழிவால் உள்ளங்காலின் உணர்ச்சி குன்றியோர் மெல்லடிச் செருப்பை அணிதல் கேடு. எம் அன்னையாருக்குப் பதினேழு ஆண்டாகச் சர்க்கரை நோய். ஒருநாள் மாலை அவர் செருப்பைக் கழற்றியபொழுது உள்ளே சங்குத் துண்டொன்று கிடந்தது. காலை முதல் அதன்மேலேயே நடந்திருக்கிறார். சிறிது குருதி கசிந்திருந்தது; நோவு மாத்திரம் இல்லை. வேலூரிற் பணிபுரிந்த மருத்துவர் போல் பிராண்ட், குட்டநோயாளரின் கைகால் அழிவதற்குக் காரணம் நோய் தானே தின்பதன்று, நோவு தெரியாமையால் உறும் காயங்களே என்று காட்டியவர். நீரிழிவாளர் பாதத்துக்கும் அதுவே பொருந்தும். தரையை உணர்த்துதல் தட்டைச் செருப்பின் சிறப்பு. உணராத காலுக்கு அச்சிறப்பாற் பயனில்லை, காயமே மிஞ்சும். ஆதலின் அளவெடுக்கு முன், கண்ணை மூடச் செய்து விரல்நுனிகளை மெல்லத் தொட்டு, எந்த விரல் எனக் கேட்கிறோம். சொல்லத் தெரியாதவரை மருத்துவமனைக்கு அனுப்புகிறோம். அத்தகையோருக்கென நுண்துளை றப்பரால் மெத்தை இட்ட செருப்பு உண்டு. அன்னையார் அதனையே அணிகின்றார்; மகன் ஊருக்கெல்லாம் செருப்புச் செய்து தாய்க்குச் செய்யவில்லை என்று அயலாரிடம் குறைகூறவும் தவறுவதில்லை.

இறுதியாக எம் நண்பர். நம் கல்லூரியில் எம்மோடு ஒரே வாங்கில் இருந்தவர். இப்பொழுது முருங்கன் பக்கத்திற் கடை வைத்திருக்கிறார். 1998ஆம் ஆண்டில் விறகு பொறுக்கச் சென்ற இடத்தில் மிதிவெடியில் இடக்காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். யாழ்ப்பாணத்தில் அவருக்கு ஜெய்ப்பூர்க் கால் பொருத்தினர். 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய கால் அது. மேலைநாட்டுச் செயற்கைக் கால்கள் சப்பாத்துள் மறைந்திருக்கவென்று செய்யப்பட்டவை. வெறுங்காலுடன் வயலில் இறங்கவும், குந்தியிருக்கவும், கோயிலுக்குப் போகவும் வேண்டிய மக்களுக்கு அவை உதவா என்று கண்டே இவர்கள் றப்பரில் விரல்களோடு கூடிய பாதத்தை வார்த்தனர். ரயருக்கு உரிய நூலும் றப்பரும் அதனுள் உள்ளன என்று அறிந்தபொழுது யாம் அடைந்த மகிழ்ச்சியை நேயர் உணர்வர்.

ஆயினும் கடைக்கும் வீட்டுக்குமிடையே கல்லும் முள்ளும் உள்ள வழியில் அவருக்குச் செருப்பு வேண்டும். றப்பர்ப் பாதத்தால் பாட்டாவைப் பற்ற இயலாது. நான்கடி நடந்தால் கழன்றுவிடும். சணற் கயிற்றாற் கட்டிக்கொண்டு நடந்தார். உயர்ந்த குதியுள்ள சப்பாத்தை இட்டாலோ, தட்டைத் தரைக்கென அமைத்த கால் முன்னே சாய்ந்து முழங்காலை மடக்கிவிடுகின்றது. அவருக்குச் செய்தபொழுது முதியவர் எம் அருகில் இருந்தார். கண்பார்வை குறைந்து தொழிலை விட்ட பின்னரும் அதற்கென்றே வந்தார். இரண்டு அடியும் ஒரே ரயரின் அடுத்தடுத்த பாகத்தில் வெட்டப்பட வேண்டும் என்றார். தடிப்பில் இரண்டு மில்லிமீற்றர் வேறுபட்டாலும் இடுப்பு அறியும். இடக்காற் பின்வாரை இரண்டாக மடித்து இட்டோம். அணிந்து நடந்த நண்பர், “மச்சான், கயிறு மிச்சம்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. கடையைச் சுற்றி மூன்று முறை நடந்தார்.

பதினான்கு மாதத்தின் பின் அச்சோடி மீண்டும் எம்மிடம் வந்தது. வலது அடி ஒழுங்காய்த் தேய்ந்திருக்க, இடது அடி வெளியோரத்தில் மாத்திரம் தேய்ந்திருந்தது. புதியதை மாசி மாதத்துக்குள் வேண்டினார். சிவராத்திரியன்று திருக்கேதீச்சரத்தில் அடியார்கள் பாலாவித் தீர்த்தத்தைக் குடத்தில் எடுத்துச் சென்று இறைவனை நீராட்டுவர். அவ்வாண்டு அவரும் சென்றார். தீர்த்தக்கரைக்கு வருமுன்னே ஒரு மரத்தடியிற் குனிந்து, முதலில் வலக்காற் செருப்பையும் பின்னர் வாரை நெகிழ்த்து இடக்காற் செருப்பையும் கழற்றி எம் கையில் தந்துவிட்டு, குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு மற்றையோரோடு வரிசையில் நடந்தார். ஈர மணலில் இரு பாதத்தின் விரல்களும் பதிந்திருந்தன.